தூண் நின்ற இடம்

இறக்காமத்துக் குளக்கட்டுக்குக் கீழே, காடு சூழ்ந்த கலந்தர் காக்காவின் வயல் வரம்பில் பஸ்லியா டீச்சர் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். போன வாரம்வரை பூ செதுக்கிய பழைய கல்தூண் நின்ற இடத்தில் இன்று இடுப்பளவு குழி. மழைக்கு மூடிய வானம் அதன் கலங்கல் நீரில் சாம்பலாய்க் கிடக்கிறது. விளிம்பில் அறுத்த தேசிக்காய்கள், சேவல் இறகுகள், இரண்டாய்ப் பிளந்த தூண். புதையல் தேடி வந்தவர்கள் காவு கொடுத்துத் தோண்டியிருக்கிறார்கள்.

"காட்டுக்குள்ள கிடந்த வயல். அவனுகளுக்கு எப்பிடித் தெரிஞ்ச, டீச்சர்?" என்கிறார் காக்கா.

அவள் போனை எடுத்து, தூணைப் பற்றித் தான் பேஸ்புக்கில் போட்ட வீடியோவை அழிக்கத் திறக்கிறாள். அது தானாகவே ஓடுகிறது. வயலெங்கும் அவளுடைய உற்சாகக் குரல்: "லொகேஷன் கீழ போட்டிருக்கன். எல்லாரும் வந்து பாருங்க."

காக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடத் தொடங்குகிறார்.