கிளியிடம் வாங்கிய சொல்

சாம்பல் குழியில் யார் புரள்வது என்று செவலைக்கோழிக்கும் கருப்பிக்கும் காலையிலேயே கொத்துச்சண்டை. கடுப்பு தீராத செவலை, பக்கத்து வக்கீல் வீட்டுக் கூண்டுக்கிளியிடம் ஓடியது.

“எங்க சண்டைக்கு இங்கிலீஷ்ல கெத்தா ஒரு பேர் சொல்லு.”

“‘வார்’னு ஒண்ணு இருக்கு. கடைசியில ஒருத்திதான் மிஞ்சுவா.”

செவலைக்குப் பகீரென்றது. அப்புறம் மழைக்கு யாரை ஒட்டி உட்காருவது?

“வேற?”

“‘டிஸ்ப்யூட்’. வாய்தா வாய்தாவா இழுக்கும். முட்டை போடக்கூட நேரமிருக்காது.”

“ஐயையோ! சின்னதா எதுவும் இல்லையா?”

“‘குவாரல்’. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

செவலை துள்ளிக்கொண்டு திரும்பியது. “கருப்பி, நம்மளுது குவாரலாம்டி. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சாகணுமாம்.”

கருப்பி வெயிலை அண்ணாந்து பார்த்தது.

“அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. வாடி!” என்று கழுத்து இறகைச் சிலிர்த்தது.