கை கழுவிட்டு வா

நாளை காலை மாரிசெலுக்கு நர்ஸ் உரிமத் தேர்வு. தேறாவிட்டால், அடுத்த மாதம் வேலை விசா முடிந்து பிலிப்பைன்ஸுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கனடாவின் வின்னிபெக் நகரில், அவள் பார்த்துக்கொள்ளும் எண்பது வயது ஹெல்காவின் வீட்டில், சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாரிசெல்! நெஞ்சு... அடைக்குதுடி!"

பதறி ஓடினாள். ஹெல்கா நாற்காலியில் சரிந்து கிடந்தாள்.

"மேடம், என்னைப் பாருங்க! வலி கைக்குப் பரவுதா?" நாடியைத் தேடிய விரல்கள் நடுங்கின.

ஹெல்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "தொடறதுக்கு முன்னாடி கை கழுவினியா? ஃபெயில்! நாளைக்குத் தேர்வுல நோயாளியா நடிக்கிறவங்க என்னை மாதிரி பாவம் பார்க்க மாட்டாங்க."

"உயிரே போயிடுச்சு மேடம்! இஸ்திரி போட்ட சூட்டோட தண்ணி பட்டா, ஆயுசுக்கும் கை நடுங்கும்னு எங்க ஊர்ல சொல்வாங்க."

"இப்ப மட்டும் நடுங்காமலா இருக்கு? போய்க் கழுவிட்டு வா. முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

மாரிசெல் கண்ணை இறுக மூடிக்கொண்டு கழுவினாள். கை நடுங்கவில்லை. திரும்பி வந்து நாடியைப் பிடித்தாள். இப்போது ஹெல்காவின் கை நடுங்கியது.

"நடிப்பு போதும் மேடம்."

"நடிக்கலடி. நாளைக்கு நீ பாஸ் பண்ணி ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டா, நிஜமாவே நெஞ்சு அடைக்கிறப்ப நான் யாரைக் கூப்பிடுவேன்?"