மேஜை மரியாதை

"டைமன் நாலு."

தருமன் சீட்டைக் கீழே வைத்ததும் இருசப்பன் உரக்கச் சொன்னார்.

தருமன் நிமிர்ந்து பார்த்தார். "போட்டது நான். அது டைமன் நாலுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க," என்றார் இருசப்பன். தன் முறை வந்ததும் ஒரு சீட்டை வைத்தார். "இஸ்பேடு ராணி."

திருவண்ணாமலை தேரடித் தெருவில், ஜவுளிக்கடை வேணுவின் மாடியறை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நாலு பேர் அங்கே ரம்மி ஆடுவார்கள். தோற்றவர் காபி வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

வேணு, மருந்துக்கடை தருமன், தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டராமன், கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருக்கும் இருசப்பன்.

நாலு பேரில் கோதண்டராமன்தான் பெரிய ஆட்டக்காரர். ஜோக்கர் வந்தாலும் வராவிட்டாலும் அவர் முகம் மாறாது. சீட்டை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, பேசாமல் ஆடுவார்.

இருசப்பனும் முன்பெல்லாம் ஒழுங்காகத்தான் ஆடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக இந்தப் புதுப் பழக்கம். யார் எந்தச் சீட்டைப் போட்டாலும் பேர் சொல்லிவிடுவார்.

"கிளாவர் பத்து. ஆட்டின் ஏழு."

தருமன் கையிலிருந்த சீட்டுகளை மேஜை மேல் எறிந்தார். "இது என்ன மல்லாட்டை ஏலமா? எங்களுக்கெல்லாம் கண்ணு இருக்குதுங்க."

இருசப்பன் கோபப்படவில்லை. சிதறிய சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினார். "இருக்கட்டும், ஆடுங்க."

"வேணு, இவர் இருந்தா நான் வரமாட்டேன். நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று தருமன் கோதண்டராமனைப் பார்த்துக் கேட்டார்.

கோதண்டராமன் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "மேஜைக்குன்னு ஒரு மரியாதை இருக்குது," என்றார்.

"இவர் வேணாம்னா கை தூக்குங்க," என்றார் வேணு.

தருமன் தூக்கினார். வேணு தூக்கினார். கோதண்டராமனும் மெதுவாகத் தூக்கினார்.

இருசப்பன் அந்தக் கையைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வரேங்க," என்று படியிறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஜை அமைதியாக இருந்தது.

"இதுதான் ஆட்டம்," என்றார் தருமன் திருப்தியாக.

முதல் ஆட்டம் வேணுவுக்கு. கோதண்டராமன் தன் சீட்டுகளை விரித்து வைத்தார். கிளாவர் ஏழும் எட்டும் ஒன்பதுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"கிளாவர் ஒன்பதை தருமன் அப்பவே போட்டாரே. எடுக்கலையா சார்?" என்றார் வேணு.

"கவனிக்கலை."

அடுத்த ஆட்டத்திலும் தனக்கு வேண்டிய சீட்டை அவர் அப்படியே விட்டார். அதற்கடுத்த ஆட்டத்தில், கீழே கிடந்த ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே கொண்டுபோனவர், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அப்படி வைக்கக் கூடாது சார்," என்றார் தருமன்.

"தப்புதான்."

காபி வந்தது. கோதண்டராமனின் கை மேஜை மேல் மெல்லத் தடவிக்கொண்டே போய் டம்ளரைப் பிடித்தது. வேணு அதைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வேணு பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனார். இருசப்பன் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"கோதண்டராமன் சாருக்குக் கண்ணு தெரியலை. உங்களுக்குத் தெரியுமில்ல?"

இருசப்பன் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "கிட்ட வச்சா தெரியும். எட்டத்துல ஒண்ணும் தெரியாது."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தீபத்தன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் தேரடியில நின்னுக்கிட்டிருந்தோம். மலை மேல தீபம் ஏத்திட்டாங்க, ஊரே அரோகரா போடுது. இவரும் கும்பிட்டாரு. கும்பிட்டுட்டு, 'இந்த வருஷம் மேகம் மறைச்சிடுச்சே'ன்னாரு. வானத்துல பொட்டு மேகம் இல்லைங்க."

வேணு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் கேட்டப்போதான் ஒத்துக்கிட்டாரு. வீட்டம்மாகிட்டயே சொல்லலையாம். சொன்னா தனியா வெளியில அனுப்ப மாட்டாங்கன்னு பயம். வாரத்துக்கு ஒரு தடவை அவர் மனுசனா உக்கார்றது உங்க மாடியில மட்டும்தான். அதையும் நான் கெடுக்கணுமா?"

"அவருக்காகச் சீட்டுப் பேரெல்லாம் சொல்லி அவ்ளோ பண்ணீங்க. அவரும் உங்களுக்கு எதிராத்தானே கை தூக்கினாரு?"

"தூக்காம இருந்தா, ஏன்னு நீங்க யோசிச்சிருப்பீங்க. தூக்கினதே நல்லது."

வேணு மூட்டையிலிருந்து எழுந்தார். பிறகு, "வர ஞாயித்துக்கெழமை நீங்க வந்துடுங்க. தருமன்கிட்ட நான் விஷயத்தைச் சொல்லிடறேன்," என்றார்.

"சொல்லிடாதீங்க. தருமன் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்து ஆடுவாரு. அன்னைக்கோட கோதண்டராமன் சார் வர்றதை நிறுத்திடுவாரு."

"அப்போ என்னதான் பண்றது?"

"ஒண்ணும் ஜாஸ்தி இல்லைங்க," என்றார் இருசப்பன். "அந்த மேஜையில யாராவது ஒருத்தர் மரியாதை தெரியாதவரா இருக்கணும். இனிமே அது நீங்களா இருங்க."