மிளகாய் மூட்டையில் ஒரு முடிச்சு

"செய்வினைதானுங்க பூசாரி. கண்ணால பாத்துட்டேன்."

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில். பூசாரி பச்சியப்பன் முன்னால் ஒரு துணி முடிச்சை வைத்தாள் ராணியம்மாள். இன்னொரு கையில் காணிக்கைச் சேவல்.

"எங்க இருந்துச்சு?"

"என் மொளகா மூட்டைக்குள்ளங்க. வெச்சது குள்ளம்மாதான். எங்க ரெண்டு வூட்டுக்கும் சாமான் அறை பொதுவு. வேற யாரு வருவா?"

குள்ளம்மாள் அவள் புருஷனின் அண்ணன் மனைவி. ஒரு காதுகுத்து விருந்தில் கறி பரிமாறும்போது கிளம்பிய சண்டை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"எம்பையன் வீரமணிக்குப் பொண்ணு அமையாம தட்டிப்போறது இதனாலதான். நாளைக்கே ஊரைக் கூட்டி அவ மானத்தை வாங்கிடறேன்."

பூசாரி முடிச்சைப் பிரித்தார். மோந்து பார்த்தார். கண்ணை மூடினார். திறந்ததும் சேவலைப் பார்த்தார். பூசாரிக்கு எதில் கண் என்று நமக்குத் தெரியாதா?

"கட்டு பலமா இருக்குதும்மா. ஊரைக் கூட்டினா இன்னும் இறுகிடும்."

"அப்ப என்னங்க பண்றது?"

"இந்தச் சேவலை அவ வூட்டுக்கு எடுத்துட்டுப் போ. இதே மொளகாயை அரைச்சு, அவ அடுப்புல குழம்பு வெச்சு, ரெண்டு குடும்பமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். வாய் நெறைய அக்கான்னு கூப்பிடணும். கட்டு தானா அவுந்துடும்."

ராணியம்மாளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. ஆனாலும் பையன் கல்யாணமாச்சே, போனாள். சேவல் கைநழுவியதில் பூசாரிக்கு வருத்தம் இருந்திருக்கலாம், காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையிலேயே திரும்ப வந்தாள், சண்டைக்கு நிற்கிற தோரணையில்.

"அக்கா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. போன மழையில என் மொளகா பூஞ்சணம் புடிச்சு மூட்டையோட குப்பையில கொட்டினேன். அதைப் பாத்து அதுக்கு மனசு கேக்கலையாம். பேச ரோஷம். அதான் வசம்பையும் கிராம்பையும் தட்டி முடிச்சுப் போட்டு இந்தப் புது மூட்டைக்குள்ள வெச்சிருக்குது. அந்த வாசனைக்குப் பூஞ்சணம் அண்டாதாம். போயும் போயும் அதைச் செய்வினைன்னு சொல்லிட்டீங்களே பூசாரி. இதுகூடவா உங்களுக்குத் தெரியல?"

பூசாரி விபூதித் தட்டை எடுத்து நீட்டினார்.

"எங்க வூட்டு மொளகாப் பானையிலயும் அதேதான் கெடக்குதும்மா. நேத்தே உண்மையைச் சொல்லியிருந்தா நீ உன் வூட்டுக்குப் போயிருப்பே. உங்கக்கா வூட்டுக்குப் போயிருப்பியா?"