அத்தான் பார்த்து வாங்கிய வண்டி

அத்தான் ஷோரூமுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஒரு டயரை உதைத்தார்.

டயர் ஒன்றும் சொல்லவில்லை. புது டயர், அதற்கு அவரைப் பற்றித் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் மோட்டார் வைத்த எந்தப் பொருளையும் அத்தான் வந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. எழுதாத சட்டம். அவர் பார்த்து வாங்கித் தந்த வாஷிங் மெஷின், துணி பிழியும்போது குளியலறையிலிருந்து கூடம் வரைக்கும் நடந்து வரும். அவர் தேர்ந்தெடுத்த மின்விசிறி காற்றைத் தவிர மற்ற எல்லாம் தரும். இருந்தாலும் சட்டம் சட்டம்தான். “வண்டி எடுக்கப் போறோம், வந்து பாருங்க அத்தான்” என்று நான்தான் போன் செய்தேன்.

இன்றைக்கே முடிவாக வேண்டும். புது வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. அலுவலகம் நகரத்தின் அந்தக் கோடியில். நேரான பஸ் கிடையாது. வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை.

அத்தான் தலையை இடம் வலமாக ஆட்டிவிட்டால் எல்லாம் போச்சு. ஆட்டாமல் இருக்கவைக்க ஒரே வழி, அவரே தன் வாயால் ‘வாங்கு’ என்று சொல்ல வேண்டும். நாலு பேர் எதிரில் சொன்ன வார்த்தையை அவர் மாற்ற மாட்டார். அவருக்கு இருக்கும் ஒரே கொள்கை அது.

அக்கா சோபாவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதும் செருப்புதான் போடுவாள். இன்று கயிறு கட்டிய ஷூ.

“என்ன, வாக்கிங்கா வந்திருக்கே?” என்றார் அத்தான்.

அக்கா சிரித்தாள். அத்தானின் நகைச்சுவைக்கென்று அவள் தனியாக வைத்திருக்கும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் மொத்தமாகத் தயாரித்தது, இன்னும் தீரவில்லை.

விற்பனையாளர் எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். மீசை வைத்திருந்தவரிடம் எஞ்சினைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். மீசை தலையாட்டியது. அந்த மீசை தன் சொந்தக் காரைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால், அக்கா இறங்கிப் போய் “வரட்டும், வரட்டும்” என்று கை காட்ட வேண்டும் என்பது விற்பனையாளருக்குத் தெரியாது.

பார்க்க இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று, கூரையில் கண்ணாடி திறக்கிற நீளமான வண்டி. இன்னொன்று, மூக்கு குட்டையான, உயரமான, சாம்பல் நிறச் சின்ன வண்டி.

நான் நேராகப் பெரியதன் பக்கம் போய் நின்றேன். “இதுதான் அத்தான் அழகு. அந்தக் குட்டி எனக்குப் பிடிக்கவே இல்லை.”

மச்சினி கிழக்கு என்றால் அத்தான் மேற்கு. இருபது வருடப் பழக்கம்.

“வெயிலை வெளியே நிறுத்தத்தான் கூரையே போடறான். இவ அதுல ஓட்டை போட்டுக் குடுங்கறா” என்றார் விற்பனையாளரிடம். விற்பனையாளர் சிரித்துத் தொலைத்தார். அது போதும். அத்தான் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சின்ன வண்டியிடம் போனார். கதவைத் திறந்தார், மூடினார், காதைக் கொடுத்துக் கேட்டார். கதவுக்கு என்ன வியாதியோ!

“இதைப் பாரு. சின்ன உடம்பு, சந்து பொந்துல நுழையும். சீட்டு உயரம், முன்னாடி என்ன வருதுன்னு தெரியும். கிளட்ச் கிடையாது, டிராபிக்ல கால் வலிக்காது. பின்னாடி கேமரா வேற. கேட்டை இடிக்கிறவங்களுக்கு இதுதான் லாயக்கு.”

கேட் என்று அவர் சொன்னது என் வீட்டு கேட்டை. என் பழைய காரின் பின்பக்கம் அதில் மோதி நசுங்கிய கதையை அவர் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. நான் ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை.

“தினமும் ஆபீஸ் போய் வர பொம்பளைங்களுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. இதையே எழுதிக்கோங்க!”

பக்கத்து மேஜையில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே தொங்கவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

“ஓட்டிப் பாத்துடலாமே மேடம்” என்று விற்பனையாளர் சாவியை என்னிடம் நீட்டினார்.

அக்கா எழுந்து வந்தாள். ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, கைப்பையை என் கையில் திணித்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டாள்.

“ஏய், அவகிட்ட குடு. வண்டி அவளுக்குத்தானே?” என்றார் அத்தான்.

அப்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராக நினைத்துக்கொண்டார். நாங்கள் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

“எனக்குத்தாங்க” என்றாள் அக்கா. “வேலை கெடச்சிருக்கு. நீங்களே சொல்லிட்டீங்க, இதைவிட நல்ல வண்டி கிடையாதுன்னு.”

அத்தான் பக்கத்து மேஜையைப் பார்த்தார். பக்கத்து மேஜை அவரைப் பார்த்தது. திறந்த வாயை அவருடைய ஒரே கொள்கை மூடிவிட்டது.

ஓட்டிப் பார்க்கும் வண்டி வெளியே, இரண்டு தூண்களுக்கு நடுவில் நின்றது. அக்கா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், விற்பனையாளர் பின்னால்.

ரிவர்ஸ் போட்டதும் திரையில் அத்தான் தெரிந்தார். வண்டிக்குப் பின்னால் போய் நின்று, ஆகாயத்தில் கையை ஆட்டி, “வரட்டும், வரட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா மெல்ல ஹாரனைத் தட்டினாள். அத்தான் ஒதுங்கினார்.

தூண்களை உரசாமல் வண்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மத்தியான வேளைகளில், தங்கச்சிக்குத் தலைவலி என்று அத்தானிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்து, என் பழைய காரில் ஓட்டிப் பழகிய கை.

அத்தனை நாளில், அந்தக் கேட்டை அவள் ஒரே ஒரு தடவைதான் இடித்தாள்.