புதனா, வியாழனா?

தைப்பூச விடுமுறை புதன்கிழமை என்று அரசாங்க கெஜட்டில் தவறாக அச்சாகிவிட்டது. அதை வியாழன் என்று திருத்த வெள்ளைக்காரத் துரை பேனாவை எடுத்த நேரத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"திருத்தாதீங்க தொரை. எங்க பஞ்சாங்கத்துல பூசம் புதன்தான்," என்றார் ரெங்கசாமி.

"அது என்னய்யா பஞ்சாங்கம்? எங்க ஆளுங்க வியாழக்கிழமைதான் பத்துமலைக்குக் காவடி எடுப்பாங்க," என்று பாய்ந்தார் முத்தையா.

"நீங்க என்னைக்கு வேணா எடுங்க. புதன்கிழமை எங்க ஆளு ஒருத்தன்கூட வேலைக்கு வரமாட்டான்."

குமாஸ்தா கிளாரன்ஸ் இருவர் பேச்சையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். துரை தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி விஷயத்தில் எனக்கு வம்பு வேண்டாம். இரண்டு நாளும் விடுமுறை என்று திருத்தம் போடு."

வாசலுக்கு வந்ததும் முத்தையா வெற்றிலை மடித்து ரெங்கசாமியிடம் நீட்டினார். ரெங்கசாமி சிரித்தபடி வாங்கிக்கொண்டார். பின்னாலேயே ஓடிவந்த கிளாரன்சுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, எந்தப் பஞ்சாங்கத்துல புதன்னு போட்டிருக்கு?"

"எதுலயும் இல்ல. பூசம் வியாழன்தான்," என்றார் ரெங்கசாமி.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு சண்டை?"

"கெஜட்டை நம்பி உங்க மக உர்சுலா கல்யாணத்தைப் புதன்கிழமை வச்சுட்டீங்க. தொரை திருத்தியிருந்தா அன்னைக்கு எங்களுக்கு லீவு ஏது? எங்களை விட்டுட்டு நீங்க மட்டும் மாதா கோயில்ல நின்னு பொண்ணைக் கட்டிக் குடுத்துடலாம்னு பாத்தீங்களா?"