தாங்காத சுவர்

இரண்டு நாள் அண்ணாந்தபடியே சீலிங் போட்டதில் என் கழுத்து ஒரு பக்கமாய்ப் பிடித்துக்கொண்டது. ராயபுரத்தில் ஹென்றி அண்ணன் வீடு. இனி ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஜிப்சம் போர்டில் சுவர் வைக்க வேண்டும்.

"செங்கல்லே வெச்சிக்கண்ணா. இதுல ஆணி நிக்காது," என்றேன்.

"காலண்டர்?"

"அது நிக்கும். கனமா எதுனா மாட்னா போர்டைப் பிச்சிகினு வந்துடும்."

அண்ணன் முகம் மலர்ந்தது. "அப்ப இதையே போடு நைனா."

"இன்னாண்ணா, நான் கொறை சொல்றேன், நீ குஷியாவுற?"

"எங்க மாமனார் போட்டோவை மூணடிக்குப் பெருசாக்கி, தேக்குல பிரேம் போட்டு வெச்சிகீறா ஹில்டா. ஹால்ல மாட்டணுமாம். தெனமும் அந்த மூஞ்சில முழிக்க என்னால ஆவாது."

மறுநாள் மாலை சுவர் முடிந்தது. ஹில்டா அக்கா படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அண்ணன் உச்சுக்கொட்டினார். "செவுரு தாங்காதாம் ஹில்டா. பீரோ மேல வெச்சிடு."

அக்கா படத்தை என்னிடம் நீட்டினார். இரண்டு ஸ்குரூ முடுக்கி மாட்டினேன். படம் அசையவில்லை.

"டேய், பிச்சிகினு வரும்னியே!"

"உள்ள பிளைவுட் கீதுண்ணா. நேத்து நீ ஹார்பர் டூட்டிக்குப் போனதும் அக்கா வாங்கியாந்து, வெக்கிற எடத்தையும் காட்டிட்டாங்க."

அண்ணன் அக்காவை முறைத்தார். "எதுக்குடி இவ்ளோ பாடு?"

"தெனம் பாத்தாவது ஞாபகம் வரட்டும்னுதான்," என்றார் அக்கா. "எங்கப்பாகிட்ட எரவல் வாங்கினு போய்க் கடல்ல முழுவ வுட்டியே போட் எஞ்சினு, அதை நீ இன்னும் திருப்பிக் குடுக்கல."